நிஜக் கோட்டையும் நாடகக் கோட்டையும்

வரலாற்று நாடகங்களைப் படமாக்குவதில் ‘நடந்த இடத்திலேயே எடுத்தது’ என்பது பெரிய தகுதியாகச் சொல்லப்படுகிறது. கிரீஷ் கர்னாட்டின் திப்பு நாடகத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து மதில்களைவிடப் பொருத்தமான களம் உண்டா என்ற கேள்வியும் இந்த நம்பிக்கையிலிருந்தே எழுகிறது. திறந்தவெளிப் படப்பிடிப்புக்கு நன்மைகள் உண்டு. ரேஃப் ஃபைன்ஸ் பெல்கிரேடில் எடுத்த ‘கொரியலேனஸ்’ (2011) படத்தில் போரின் உக்கிரம் மேடையில் காண முடியாத அளவுக்கு விரிகிறது. ஆனால் அந்த விரிவுக்காக நாடகம் இழப்பது மிக அதிகம்.

மேடை நாடகத்தில் இடம் சொல்லால் கட்டப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் பிலிப்பி போர்க்களத்தைப் பார்வையாளர் முழுதாகக் காண்பதே இல்லை. மேட்டில் ஏறிப் பார்க்கும் பிண்டாரஸ், டைட்டினியஸைக் குதிரை வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், பிடித்துவிட்டார்கள் என்று கீழே நிற்கும் காசியஸுக்குச் சொல்கிறான். சூழ்ந்தவர்கள் நண்பர்கள். அது தெரியாத காசியஸ் உயிரை விடுகிறான். காசியஸுக்குக் கண்ணாக இருப்பது அந்த ஒருவனின் சொல். பார்வையாளருக்கும் அதுதான் கண். கேமரா அந்த மேட்டின் மேல் ஏறி நண்பர்களை அடையாளம் காட்டிவிட்டால் காசியஸ் வெறும் அவசரக்காரனாகிவிடுகிறான். துன்பியல் அங்கேயே கலைந்துவிடுகிறது.

ஜோசப் மான்கியவிச்சின் 1953ஆம் ஆண்டுப் படம் இதற்கு நல்ல பாடம். ஸ்டுடியோ அரங்கில், கறுப்பு வெள்ளையில், மார்லன் பிராண்டோ படிக்கட்டில் நின்று ஆன்டனியின் உரையைப் பேசும்போது ரோம் நகரமே எழுந்து நிற்கிறது. படம் வெளியே போய்ப் பாறைகளுக்கிடையே போரைக் காட்டும்போது நாடகம் நின்றுபோய் வேறொரு சாகசப் படம் தொடங்குகிறது.

தமிழிலும் இதே கதைதான். 1957இல் மேடையேறிய சக்தி கிருஷ்ணசாமியின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் படமானது. போர்க் காட்சிகள் ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுக்கப்பட்டன. இன்றுவரை மக்கள் மனப்பாடமாகச் சொல்வதோ, வரி கேட்கும் ஜாக்சன் துரைக்குச் சிவாஜி கணேசன் பதில் சொல்லும் காட்சி. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கூடம் மட்டுமே. ராஜஸ்தானத்து மண்ணையும் குதிரைகளையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே 1799இல், மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கர்னாட்டின் நாடகம் பி.பி.சி. வானொலிக்காக எழுதப்பட்டு 1997இல் ஒலிபரப்பானது. கண்ணுக்கு எதுவும் காட்டாமலே நிற்கும்படி அமைந்த படைப்பு அது. வரலாற்றாசிரியர் கிர்மானியும் ஆங்கிலேயர் தரப்பு அதிகாரி காலின் மெக்கன்சியும் திப்பு இறந்த பிறகு பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சிலிருந்தும் திப்பு ரகசியமாக எழுதிவைத்த கனவுகளிலிருந்தும் காட்சிகள் பிறக்கின்றன. கனவுக்கு எந்த மதில் சாட்சி சொல்லும்?

நிஜம் என்ற வாதமும் அந்த ஊரில் செல்லாது. திப்புவின் லால் மஹால் அரண்மனை பின்னர் இடிக்கப்பட்டது; மிஞ்சியது அடித்தளம். உடல் கிடந்த இடத்தில் இருப்பது நினைவுக் கல். தரியா தௌலத் மாளிகையின் சுவரில் காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த பொள்ளிலூர்ப் போர் ஓவியமாக நிற்கிறது. எந்த இயக்குநரும் அதை நிதானமாகக் காட்டாமல் விடமாட்டார். அப்போது திப்பு சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் சுற்றுலாப் பயணிகளாகிவிடுவார்கள்.

இடிபாடே கூடாது என்பதில்லை. இப்ராஹிம் அல்காசி 1963இல் தில்லி பெரோஸ் ஷா கோட்லாவில், மகாபாரதப் போரைப் பற்றிய ‘அந்தா யுக்’ நாடகத்தை நிகழ்த்தினார். துக்ளக் வம்சத்தின் கற்களைக் குருக்ஷேத்திரம் என்று நம்பவைக்க அவர் முயலவில்லை. அவை மேடையாகவே இருந்தன. தாவியானி சகோதரர்களின் ‘சீசர் சாக வேண்டும்’ (2012) ரோம் நகரத்திலேயே எடுக்கப்பட்டது. ஆனால் பழைய மன்றத்தின் தூண்களை அவர்கள் நாடவில்லை. ரெபிபியா சிறைக்குள் போனார்கள். கைதிகளே நடிகர்கள், முற்றத்தில் ஆன்டனி பேசுகிறான், சன்னல் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து ரோமானியக் கூட்டம் கத்துகிறது. சீசரைப் படமாக்கியவற்றுள் நாடகத்துக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே. திப்பு நாடகத்தைப் படமாக்க விரும்புவோருக்கும் ஓர் அறை, எதிரெதிரே இரண்டு மனிதர்கள், தேர்ந்த ஒலிப்பதிவு போதும்.