பேச்சை முறிக்க வரும் வேற்றுக்கோள்

எட்கர் ரைட் இயக்கி 2013இல் வெளிவந்த 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' பற்றி ரசிகர்களுக்குள் ஒரு பிணக்கு உண்டு. ரைட்டின் முந்தைய 'ஷான் ஆஃப் த டெட்' (2004), 'ஹாட் ஃபஸ்' (2007) இரண்டோடும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் இதுதான் சோடை என்பது ஒரு கட்சி. நன்றாகப் போய்க்கொண்டிருந்த நண்பர்கள் கதையை ரோபோக்கள் வந்து கெடுத்துவிட்டன என்பார்கள். ரோபோக்கள் வந்த பிறகுதான் படமே தொடங்குகிறது என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டிலும் அரை உடன்பாடுதான். இந்தப் படத்தில் வேற்றுக்கோள் இரண்டு முறை குறுக்கிடுகிறது. ஒன்று நல்ல சாமர்த்தியம், மற்றது சறுக்கல்.

கேரி கிங் நாற்பதைத் தொட்டவன். 1990 ஜூனில், பள்ளி முடிந்த கையோடு, நியூட்டன் ஹேவன் என்ற சிற்றூரில் ஐந்து பையன்கள் பன்னிரண்டு பப்களில் ஆளுக்கொரு பைன்ட் பியர் குடிப்பதாகக் கிளம்பி, முடிக்காமல் சரிந்தார்கள். அதை இப்போது முடித்தே தீர வேண்டுமென்று மற்ற நால்வரையும் இழுத்து வருகிறான். அம்மா செத்துப்போனாள் என்று பொய் சொல்லித்தான் ஆண்டியை மசிய வைக்கிறான். அந்த ஆண்டி 16 வருடமாகக் குடியைத் தொடாத வக்கீல். முதல் பப்பிலேயே குழாய்த் தண்ணீர் கேட்கிறான். முந்தைய இரண்டு படங்களிலும் நிக் ஃப்ராஸ்ட் பொறுப்பில்லாதவர், சைமன் பெக் பொறுப்பானவர். இங்கே பெக் கேரியாகவும் ஃப்ராஸ்ட் ஆண்டியாகவும் வேடத்தை மாற்றிப் போட்டதிலேயே பாதி வெற்றி. தன் குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிப் பெக் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். கேரியின் சிரிப்புக்குள் இருக்கும் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது.

வேற்றுக்கோள் எட்டிப் பார்க்காத அந்த முதல் பகுதி மிகக் கூர்மையானது. பழைய நண்பர்கள் கூடினால் வரும் அவஸ்தையை இவ்வளவு கணக்காகப் பிடித்த நகைச்சுவைப் படங்கள் குறைவு. அதே கோட்டு, அதே கார், அதே பாட்டு கேசட் என்று கேரி வருகிறான். அவன் சொல்லும் பழைய நகைச்சுவைக்கு மற்றவர்கள் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். ஊருக்கே தன்னைத் தெரியும் என்று நினைத்து வந்தவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதைவிட வலிப்பது நால்வரில் ஒருவனான பீட்டரின் காட்சி. பள்ளியில் தன்னைத் தினமும் வதைத்தவன் எதிரே வந்து நிற்கிறான், ஆனால் பீட்டர் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. அடித்ததைவிட மறந்துபோனதுதான் வலிக்கிறது என்பதைப் பீட்டராக வரும் எடி மார்சன் குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார்.

ஆண்டியிடம் சொன்ன பொய், கேரியின் அம்மா உயிரோடிருப்பது அம்பலமாகிறது. கிளம்புகிறோம் என்று சொல்ல நால்வரும் கழிவறைக்கு வருகிறார்கள். கேரி அங்கே ஒரு விடலைப் பையனோடு சண்டை போட்டு அவன் தலையையே கழற்றிவிட்டிருக்கிறான். நீல ரத்தம் தெறிக்கிறது. ஊரில் பெரும்பாலோர் வேற்றுக்கோள் வைத்த ரோபோ நகல்கள் என்று தெரிகிறது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நொடியில் குடிகாரனுக்கு ஒரு பெரிய சாக்கு கிடைத்துவிடுகிறது! ஊர் அவனை மறக்கவில்லை, ஊரையே மாற்றி வைத்துவிட்டார்கள். தன் தோல்விக்கு வெளியே காரணம் தேடுகிறவனின் கனவை அறிபுனைவு அப்படியே நிறைவேற்றித் தருகிறது. படத்தின் மிக நுட்பமான கிண்டல் இதுதான். ரோபோக்கள் கதையைக் கெடுத்தன என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆளை எடுத்து நகலை வைக்கும் கதை 1956இல் டான் சீகல் எடுத்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்' காலத்துச் சரக்கு. ரைட் அதோடு சேர்க்கும் புது உப்பு, ஒரே அச்சில் வார்த்த பப்கள். முதல் பப்பும் இரண்டாவதும் பலகையிலிருந்து நாற்காலி வரை ஒன்றுபோல இருக்கின்றன. வேற்றுக்கோள் ஊரை மாற்றியதா, சங்கிலி நிறுவனம் மாற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்றான லெட்ச்வர்த், 1903இல் தொடங்கிய உலகின் முதல் தோட்ட நகரம். அதைக் கட்டியவர்கள் குடியை ஊருக்குள் விடாமல் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டார்கள். 1907இல் அங்கே திறந்த ஸ்கிட்டில்ஸ் இன்னில் பியரே கிடையாது. பப் பப்பாக ஏறி இறங்கும் படத்துக்கு அந்த ஊர் வாய்த்தது தற்செயலோ என்னவோ, பொருத்தம்.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கி சானின் குழுவில் இருந்த பிராட் ஆலன் அமைத்தவை. சுற்றிலும் அடிதடி நடக்கையில், கையிலிருக்கும் பைன்ட்டை ஒரு வாய் குடித்துவிட கேரி படும் பாட்டில் ஒரு பாத்திரத்தின் முழு வரலாறும் இருக்கிறது.

குறைகளுக்கு வருவோம். நகல்களுக்குச் சந்தேகம் வராமலிருக்கக் குடித்துக்கொண்டே போவோம் என்ற முடிவு கதைக்கு வசதியான ஏற்பாடு, அவ்வளவுதான். கழிவறைச் சண்டை முடிந்ததும் ஆண்டி வரிசையாகக் கோப்பைகளைக் கவிழ்த்துவிடுகிறான். திரையரங்கு சிரிக்கும், சரி. பதினாறு வருட விரதம் போனதற்குப் பிறகாவது ஒரு கணக்குத் தீர்த்திருக்க வேண்டாமா? ரோசமண்ட் பைக் நடித்த சாமோ இரண்டு ஆண்களின் பழைய போட்டிக்குப் பரிசாக வந்து, நெருக்கடி முற்றும்போது காரில் ஏற்றி அனுப்பப்படுகிறாள்.

பெரிய சறுக்கல் பன்னிரண்டாவது பப்பில். ஆண்டி கேரியைத் தடுத்துப் பிடிக்கிறான். சட்டைக் கைக்குள் மருத்துவமனைப் பட்டையும், மணிக்கட்டில் கட்டும் தெரிகின்றன. படம் முழுவதும் ஒத்திப்போட்ட பேச்சு இப்போதுதான் தொடங்குகிறது. கேரி பியர் குழாயை இழுக்கிறான், தரை கீழே இறங்குகிறது. பாதாளத்தில் 'நெட்வொர்க்' என்ற அசரீரியோடு வாதம். மனித குலத்துக்குத் தறுதலையாக இருக்கும் உரிமை உண்டு என்று கேரி அடம் பிடிக்க, வேற்றுக்கோள் சலித்துப்போய்க் கிளம்பிவிடுகிறது. வசனம் சிரிக்க வைக்கிறது, பில் நைகியின் குரலும் பிரமாதம். ஆனால் சற்று முன் நோயாகக் காட்டியதை இப்போது விடுதலைக் கொடியாக ஏற்றுகிறார்கள். முதல் முறை கேரியின் தப்பித்தலைப் படம் கிண்டல் செய்தது. இந்த முறை கேரியோடு சேர்ந்து படமும் தப்பிக்கிறது.

வேற்றுக்கோள் கிளம்பிய பிறகு வரும் கடைசிப் பகுதியில் உலகம் சீர்குலைந்து கிடக்க, கேரி தண்ணீர் கேட்கிறான். திருந்திவிட்டான் என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். கூட வந்திருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பள்ளி வயது நண்பர்களின் நகல்கள். பாதாளத்தில் நெட்வொர்க் அவனுக்குக் காட்டிய ஆசையும் இளமைதான். தன் இளவயது நகலின் தலையைப் பிய்த்து அதை மறுத்தவன், அதே பட்டறையில் செய்த நால்வரைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறான். ஏன் என்று கேட்க ஒரு வசனம்கூட இல்லை. வாளை உருவிச் சண்டைக்கு இறங்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.