ஒட்டுப்படப் பொறியும் கடல் கடந்த வாணிகமும்

ஒரு நாட்டுப் பொருள் பிற நாட்டில் நிலைபெற வேண்டுமாயின், பொருள் மட்டும் கப்பலேறினால் போதாது. அதனைக் கையாளும் வழக்கமும் உடன் செல்லவேண்டும். ஜப்பானிய ஒட்டுப்படப் பொறி இதற்குத் தக்க சான்று.

அட்லஸ், சேகா என்னும் இரு நிறுவனங்கள் 1995-ஆம் ஆண்டில் ‘பிரிண்ட் கிளப்’ என்னும் பொறியை வெளியிட்டன. ஜப்பானியர் அப்பெயரைப் ‘புரிக்குரா’ எனச் சுருக்கினர். அந்நாளில் 300 யென் இட்டு, ஓரச் சித்திரம் ஒன்றைத் தேர்ந்து நின்றால், 16 சிறு படங்கள் அமைந்த ஒட்டுத்தாள் வெளிவரும்.

ஒருவருக்குப் பதினாறு எதற்கு? பகிர்வதற்கே! பள்ளி மாணவியர் அவற்றை வெட்டித் தோழியர்க்குக் கொடுத்தனர். பெற்றவற்றைத் தனி ஏட்டில் ஒட்டிச் சேர்த்தனர். ஆகவே, அங்கு விலைபோனது படமன்று, நட்பின் அடையாளமே.

தானே படமெடுக்கும் கூடம் நியூயார்க்கில் 1925-லேயே தோன்றிவிட்டது. எனவே, புரிக்குராவை வெறும் படக்கருவியாகக் கருதி மேனாடுகளுக்குக் கொண்டு செல்வோர் பாதிச் சரக்கையே கொண்டு செல்கின்றனர்.

சிங்கப்பூரில் நிகழ்ந்தது வேறு. 1990-களின் இறுதியில் நம் இளைஞர் இதனை ‘நியோபிரிண்ட்’ என்றனர். எஸ்.என்.கே. நிறுவனம் தன் பொறிக்கு இட்ட பெயர், ஈங்குப் பொதுப்பெயராயிற்று. மாணவர் படங்களை மாற்றிக்கொண்டனர், ஏடுகளில் ஒட்டினர். வழக்கம் வேரூன்றியதாலன்றோ பெயரும் வேரூன்றியது!

பின்னர்க் கைப்பேசியிலேயே படக்கருவி வந்தது. எடுப்பது எளிதாயிற்று, கையில் கொடுப்பது அரிதாயிற்று. அண்மை ஆண்டுகளில் கொரிய நாட்டு நான்குபடத் தாள்களை இளைஞர் நாடுவதும் அக்குறையை நிரப்பவே எனலாம். பொறியை விற்க முனைவோர் முதலில் கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் காண்பாராக.