ஆர்.எஸ்.புரத்து அடுப்பில் ஜாப்சே

பதினேழாம் நூற்றாண்டில் கொரிய அரசர் குவாங்ஹேகுனின் அரண்மனையில் பெயர் வாங்கிய ஜாப்சே என்ற உணவில் நூடுல்ஸே கிடையாது. 1670 வாக்கில் ஜாங் கே-ஹ்யாங் என்ற அம்மையார் எழுதிவைத்த சமையல் நூலிலும் அது காய், காளான், பறவை இறைச்சி எல்லாம் சேர்ந்த கலவைதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் அதற்குள் வந்து சேர்ந்தது போன நூற்றாண்டில். அப்படியென்றால் நூடுல்ஸுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளலாமா? கோவை ஆர்.எஸ்.புரம் வீடுகளில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி இது. கிடைத்ததைப் போடக்கூடாது என்பதே என் கட்சி.

முதலில் கை போவது சந்தகைக்கு. புழுங்கலரிசியை ஆட்டி, வேகவைத்து, சூட்டோடு பிழிந்த அந்த இழை தேங்காய்ப்பாலுக்கும் எலுமிச்சைத் தாளிதத்துக்கும் பிறந்தது. சோயா சாஸ் விட்டுப் புரட்டினால் ஈரத்தைக் குடித்து, நொறுங்கி, உப்புமாவாகிவிடும். சேமியாவுக்கும் அதே கதி. பாசிப்பயறு மாவில் செய்த மெல்லிய கண்ணாடி நூடுல்ஸ் ஓரளவு தாங்கும். ஆனால் பல்லுக்கு எதிர்ப்பே தராது. சர்க்கரைவள்ளி இழை வழவழப்பாக இருக்கும், மெல்லும்போது ரப்பர்போல் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். இன்றைய ஜாப்சேயின் உயிர் அந்த எதிர்ப்பில்தான். ஆகவே நூடுல்ஸை மட்டும் காசு கொடுத்து வரவழைத்தே ஆகவேண்டும்.

அதோடு வாங்குவது முடியட்டும். கொரியப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு சமைப்பது வீண் செலவு. லாலி ரோட்டில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வளர்ப்பைப் பல காலமாகச் சொல்லிக்கொடுத்துவரும் ஊர் இது. கொரியாவிலும் ஜாப்சேயில் சிப்பிக்காளான் போடுகிறார்கள். அதை மாற்று என்றே சொல்லக்கூடாது. கேரட்டுக்கு ஊட்டி இருக்கிறது, கீரைக்குப் பாலக் போதும். இனிப்புக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழுதில்லை. சின்ன வெங்காயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் காரம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அங்கே வழக்கமாகச் சேரும் மாட்டிறைச்சி இல்லையே என்ற குறையும் வேண்டாம். கொரிய பௌத்த மடங்களின் சமையலில் இறைச்சியோடு வெங்காயமும் பூண்டும் விலக்கு. (இந்தப் பேட்டையின் ஜைனக் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தியாகப் பட்டால், ஒரு நிமிடம்: நூடுல்ஸே கிழங்கு.)

எண்ணெய் விஷயத்தில் நம் பெருமை காலை வாருகிறது. நல்லெண்ணெயும் எள், கொரிய எண்ணெயும் எள், அப்புறம் என்ன என்று கேட்போம். நம் செக்கில் ஆடுவது வறுக்காத எள். கூடவே கருப்பட்டியோ வெல்லமோ சேர்கிறது. கொரியர்கள் எள்ளைச் சிவக்க வறுத்துவிட்டுப் பிழிகிறார்கள். அந்த வறுத்த வாசனை நம் எண்ணெயில் இல்லை, எவ்வளவு ஊற்றினாலும் வராது. எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, இடித்து, நல்லெண்ணெயில் ஊறவைத்துக் கடைசியில் விட்டால் முக்கால்வாசி தூரம் போய்விடலாம். எனக்கு அது போதும். சோயா சாஸில் இவ்வளவு தாராளம் காட்டமாட்டேன். நிறத்துக்குக் கேரமல் கலந்த கருப்பு சாஸ் எல்லாவற்றையும் தள்ளுவண்டி நூடுல்ஸின் நிறத்துக்கும் வாசனைக்கும் இழுத்துவிடும். நொதிக்கவைத்துச் செய்தது என்று லேபிளில் இருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் இங்கே செய்யப்படும் ஜாப்சே பெரும்பாலும் தோற்பது செய்முறையில்தான். நாம் கொழுந்துவிட்டெரியும் தீயில் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டிப் புரட்டிப் பழகியவர்கள். ஜாப்சே அப்படியில்லை. பாலக்கைக் கொதிநீரில் போட்டெடுத்து, இறுகப் பிழிந்து, தனியாக உப்பும் எண்ணெயும் பிசற வேண்டும். கேரட், வெங்காயம், காளான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வதக்க வேண்டும். முட்டையில் வெள்ளையும் மஞ்சளும் தனித்தனி அடை. நூடுல்ஸை ஆறேழு நிமிடம் வேகவிட்டு வடித்து, சாஸும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துப் புரட்டி, கடைசியில் எல்லாவற்றையும் கையால் கலக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டினால் காளான் விடும் நீரில் கேரட் வேகும், கீரை கறுக்கும், எல்லாம் ஒரே ருசியாகிவிடும். நூடுல்ஸ் வருவதற்கு முன்பே இந்த உணவை உணவாக்கியது ஒவ்வொன்றும் தன் ருசியோடு நிற்பதுதானே? மிளகுத்தூளும் பூண்டும் அள்ளிப் போட்டு அதை ஈடுகட்ட முடியாது.

பாத்திரங்கள் குவியும், ஒரு மணி நேரம் ஓடும். வேலை முடிந்து வந்த மாலையில் இதைத் தொடாதீர்கள். ஐந்தாறு பேர் சாப்பிட வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாராளமாகச் செய்யலாம். கொரியாவிலும் இது விருந்துச் சமையல்தான். ஆறினாலும் கெடுதலில்லை என்பதால் விருந்தாளி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து இறுகி இழைகள் வெளுத்து விறைக்கும். மறுநாள் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து வாணலியில் சூடாக்கினால் பளபளப்பு திரும்பும், கீரையின் பச்சை திரும்பாது.