சாற்றுகவியும் நட்சத்திரமும்

புத்தகம் வாங்குகிறவனுக்கு மற்றப் பொருள்களை வாங்குகிறவனுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்குகிறவன் மொட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில், இன்று பறித்ததா நேற்றையதா என்று சொல்லிவிடுவான். இந்த ஊர்த் தறியில் நெய்த துண்டை வாங்குகிறவன் இரண்டு விரலால் இழையை நிமிண்டிப் பார்த்தால் போதும். நாவலை அப்படிப் பார்க்க முடியாது. முழுவதும் படித்தால்தான் அதன் தரம் தெரியும். முழுவதும் படித்துவிட்டால் பிறகு பலருக்கு அதை வாங்க வேண்டிய அவசியமே இராது. ஆகவே நமக்கு முன்னால் படித்தவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

பெரிய கடையில் நின்று நிதானமாகப் பத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுமானால் நான் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறேன். போக ஒன்றரை மணி நேரம். வர ஒன்றரை மணி நேரம். எல்லோருக்கும் அது சாத்தியமில்லை. இப்போது கைபேசியிலேயே புத்தகத்தை வரவழைத்துவிடுகிறார்கள். அட்டைப் படத்துக்குக் கீழே வாசகர் அபிப்பிராயங்கள் வரிசையாக நிற்கின்றன. “அருமை”, “கண்ணீர் வந்துவிட்டது”, “கட்டாயம் படிக்க வேண்டிய நாவல்”. பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக, மிச்சத்தில் நானூறு ரூபாயைப் புத்தகத்துக்கு ஒதுக்கும் ஒரு குடும்பத் தலைவி அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறாள். அவள் ஏமாந்தால் நஷ்டம் நானூறு ரூபாயோடு நிற்பதில்லை. இரண்டு முறை ஏமாந்தவள் மூன்றாம் முறை தமிழ் நாவலே வாங்குவதில்லை. நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது விளையாட்டான விஷயம் அல்ல.

புத்தகத்தின் வாசலில் புகழுரையைத் தொங்கவிடுவது இணையக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மிடம் அது மிகப் பழைய வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஒரு நூலுக்குப் பாயிரம் யார் சொல்லலாம் என்று சட்டமே வகுத்திருக்கிறது. ஆசிரியர் தம் நூலைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது. அவருடைய குருநாதர் சொல்லலாம்; கூடப் படித்தவர் சொல்லலாம்; மாணாக்கர் சொல்லலாம்; தகுதியுள்ள உரைகாரர் சொல்லலாம். தற்புகழ்ச்சிக்கும் சில இடங்களில் அனுமதி உண்டு. அரசன் சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதம் வெல்ல வேண்டியபோது, எதிரி பழிக்கும்போது ஒரு புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இன்றைய எழுத்தாளர்களில் சிலர் இந்த நான்கு சந்தர்ப்பங்களும் தங்களுக்கு நாள்தோறும் ஏற்படுவதாக நம்புகிறார்கள் என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவிய பிறகு இந்த வழக்கம் சாற்றுகவியாகப் பெருகிற்று. நூலின் முன்பக்கங்களில் பெரிய வித்துவான்கள் பாடிக் கொடுத்த பாராட்டுச் செய்யுள்கள் அணிவகுத்து நிற்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போன்றவர்களிடம் சாற்றுகவி வாங்குவது நூலாசிரியர்களுக்குப் பெரிய கௌரவம். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகப் பாடியவையும் அவற்றில் இருந்திருக்கும். மனித சுபாவம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதானே.

நன்னூல் குறிப்பிடும் நால்வரையும் மறுபடி பாருங்கள். குரு, தோழர், சிஷ்யர், உரைகாரர். உரைகாரரைத் தள்ளிவிட்டால் மற்ற மூவரும் ஆசிரியருக்கு வேண்டியவர்களே. பட்சபாதம் உள்ளவர்களையா பழைய ஆசான் பொறுக்கி எடுத்தார்? அதில் ஒரு நேர்மை இருப்பதாக நான் நினைக்கிறேன். பாயிரம் படிப்பவனுக்கு இன்னார் சொல்கிறார், ஆசிரியருக்கு இன்ன உறவு என்பது தெரியும். சிஷ்யன் சொன்னால் சிஷ்யன் சொல்கிறான் என்று தள்ள வேண்டியதைத் தள்ளிக்கொள்வான். அதோடு, பேர் போட்டுச் சொல்கிறவனுக்கு ஒரு பயமும் உண்டு. மட்டமான நூலைப் புகழ்ந்தால் நாளைக்கு ஊர் சிரிக்கும்.

இன்றைய ஏற்பாடு இதற்கு நேர் எதிரானது. அமேசான் நிறுவனத்தின் விதிகளின்படி ஆசிரியரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அபிப்பிராயம் எழுதக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் பெயரை மறைத்துக்கொண்டு எழுத இடம் இருக்கும்போது விதி என்ன செய்யும்? 2004ஆம் வருஷம் பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் கனடாப் பகுதியில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, மறைந்திருந்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்துவிட்டன. தம் புத்தகத்துக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் வழங்கிக்கொண்டவர்கள் அகப்பட்டார்கள். ஜான் ரெச்சி என்ற பெயர்பெற்ற அமெரிக்க நாவலாசிரியரும் அவர்களில் ஒருவர். 2010இல் ஆர்லாண்டோ ஃபைஜஸ் என்ற பிரிட்டிஷ் சரித்திர ஆசிரியர், புனைபெயரில் தம் நூலைப் புகழ்ந்ததோடு சக ஆசிரியர்களின் நூல்களை இகழ்ந்ததையும் ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் இதற்கு ஒரு கடையே திறந்துவிட்டார். ஓர் அபிப்பிராயம் 99 டாலர். இருபது 499 டாலர். ஐம்பது 999 டாலர். மொத்தமாக வாங்கினால் மலிவு! 2012இல் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் உலகத்துக்கு இது நன்றாகத் தெரிந்தது.

நம் நாட்டிலும் சர்க்கார் விழித்துக்கொள்ளாமல் இல்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய அபிப்பிராயங்களைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் ஐ.எஸ். 19000:2022 என்ற தரவிதியை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற முறையில்தான் அது கொண்டுவரப்பட்டது.

பொய் அபிப்பிராயங்களையெல்லாம் களைந்துவிட்டால் மிச்சத்தை நம்பலாமா? அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். உண்மையாகவே ரசித்தவர் உண்மையாகவே எழுதினாலும், அது அவருடைய ரசனையைத்தான் சொல்கிறது. என் ரசனை அவருக்குத் தெரியாது. “அருமை” என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. படி என்றால் இவ்வளவு, மரக்கால் என்றால் இவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து நட்சத்திரம் என்றால் எவ்வளவு?

என் நாவல் ஒன்றுக்கு ஒரு வாசகர் இரண்டே நட்சத்திரம் கொடுத்திருந்தார். “கதை நகரவே இல்லை. குளம் நிரம்புமா நிரம்பாதா என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். கதாநாயகனுக்குக் கடைசிவரை கல்யாணமும் ஆகவில்லை” என்று குறைப்பட்டிருந்தார். பிற்பாடு ஓர் ஓய்வு பெற்ற தாசில்தார் எனக்குக் கடிதம் எழுதினார். அந்த அபிப்பிராயத்தைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை வாங்கினாராம். குளம் நிரம்புவதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய ஆள் யார் என்று பார்க்க ஆசைப்பட்டாராம். எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்த எந்த வாசகரும் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னவர் அந்தக் குறை சொன்னவர் ஒருவரே. இகழ்ந்தவர்தான் எனக்கு ஒரு நல்ல வாசகரைத் தேடிக் கொடுத்தார்.

ஆகவே அபிப்பிராயத்தை எடைபோடுவதற்கு முன்னால், அபிப்பிராயம் சொல்லுகிறவரை எடைபோட வேண்டும். இதற்கு எங்கள் ஜில்லாவிலேயே நல்ல உதாரணம் இருந்தது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் ‘வட்டத்தொட்டி’ என்ற பெயரில் நண்பர்கள் கூடுவார்கள். கவிதையைப் படித்துப் படித்து அநுபவிப்பதுதான் அங்கே வேலை. டி. கே. சி.யின் ரசனை எப்படிப்பட்டது என்பதை அறியாதவர் தமிழ்நாட்டில் அன்று குறைவு. தம் செவிக்கும் உள்ளத்துக்கும் ஒவ்வாத செய்யுள் கம்பன் வாக்கே அல்ல என்று அவர் தள்ளிவிடுவார். பல பாட்டுகளை அப்படிக் கழித்துத்தான் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற பதிப்பைக் கொண்டுவந்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள், ஏட்டில் உள்ளதைத் தள்ள இவர் யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் நானும் பண்டிதர்கள் பக்கம்தான் சாய்வேன். ஆயினும் டி. கே. சி. ஒரு பாட்டை நல்ல பாட்டு என்று சொன்னால் அதை எடுத்துப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. அவர் எங்கே சறுக்குவார், எங்கே நிலைத்து நிற்பார் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. கோணல் தெரிந்த அளவுகோலை வைத்துக்கொண்டும் சரியாக அளந்துவிடலாம். அவர் 1954இல் காலமானார். அவருடைய சிபாரிசு இன்னும் எனக்குப் பயன்படுகிறது.

ஒருவர் சொல்வது இருக்கட்டும், ஆயிரம் பேர் சொன்னால் நம்பக் கூடாதா என்று கேட்கலாம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களில் குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். இதைவிடப் பெரிய நட்சத்திரம் எந்த நாவலாசிரியனுக்குக் கிடைக்கும்? அதே காலத்தில், 1959இல், சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். அதன் வாசகர்கள் மிகச் சொற்பம். ஆயினும் தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சொற்பப் பேரின் பத்திரிகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தைக்குப் பெயர் வைத்தவர்களும் பொய் சொல்லவில்லை; ‘எழுத்து’க்குச் சந்தா கட்டியவர்களும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு பசியோடு வந்தவர்கள். தலையை எண்ணினால் எந்தப் பசிக்காரர் அதிகம் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

கூட்டத்தின் தீர்ப்பை நான் மதிக்கும் இடமும் ஒன்று உண்டு. சங்கரன்கோவிலுக்கு அருகில் உள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், முப்பது வயதைக் காணாமலே மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச்சிந்து, நூறு வருஷத்துக்கு மேலாகியும் பாடப்படுகிறது. எழுத்து வாசனை இல்லாதவர்களும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு அதைப் பாடி ஆடியிருக்கிறார்கள். ஜமீன்தாரின் ஆதரவு அவர் காலத்தோடு போயிற்று. ஜனங்கள் கொடுத்த சாற்றுகவி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அபிப்பிராயத்தில் பொய் தங்காது. சென்ற மாதம் வந்த நாவலுக்கு அந்த அவகாசம் இல்லை என்பதுதான் கஷ்டம்.

அப்படியானால் சென்ற மாதத்து நாவலை எப்படி வாங்குவது? நான் செய்வதைச் சொல்லுகிறேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றைப் படிக்கிறேன். குணமும் குற்றமும் சேர்த்துச் சொல்லுகிறவர் பெரும்பாலும் புத்தகத்தைப் படித்தவராக இருக்கிறார். கதாபாத்திரத்தின் பெயரோ, ஊரோ, ஒரு நிகழ்ச்சியோ இல்லாத புகழுரையைத் தள்ளிவிடுகிறேன். அதை எந்தப் புத்தகத்தின் கீழும் ஒட்டலாம். குறை சொல்லுகிறவரிடம், அவர் குறை என்று சொல்வது எனக்குப் பிடித்ததாக இருக்குமோ என்று பார்க்கிறேன். ஒருவர் எழுதியது மனசில் பட்டால், எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு புத்தகத்தைப் பற்றி அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடுகிறேன். அதில் ஒத்துப்போனாலும் சரி, எதிர்த்துப் போனாலும் சரி, எனக்கு அவர் அளவு தெரிந்துவிடுகிறது. இப்படி நாலைந்து பேரைத் தெரிந்துகொண்டால் ஒரு வாசகனுக்கு ஆயுள் முழுவதும் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1948ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். கட்டின வரிக்கு நூலகத்தில் போய் உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்துப் பார்க்கலாம். பத்துப் பக்கத்தில் நம் மனம் சொல்லும் அபிப்பிராயத்துக்கு முன்னால் பத்தாயிரம் நட்சத்திரமும் நிற்காது.

கடைசியாக, அபிப்பிராயம் எழுதுகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த எழுத்தாளர்கள், “உங்கள் பேரில் நாலு வரி போட்டுவிடுங்கள், புத்தகம் பிறகு அனுப்புகிறேன்” என்று கேட்பதுண்டு. நான் போடுவதில்லை, அதனால் சில சிநேகிதங்கள் தளர்ந்தும் இருக்கின்றன. முதல் நாவல் எழுதி, கைப்பணத்தில் அச்சிட்டு, யாராவது கவனிக்க மாட்டார்களா என்று காத்திருக்கும் இளைஞன் ஒருவன் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறான். அவனைப் பற்றி நாளைக்கு நான் நிஜமாகவே நல்ல வார்த்தை சொல்லும்போது, அதை நம்ப ஒருவராவது மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஆசிரியர் உங்களுக்குச் சிநேகிதரானால் அதையும் எழுதுங்கள். புத்தகத்தில் நீங்கள் கண்டது என்ன என்று சொல்லுங்கள். நட்சத்திரத்தைப் போடாவிட்டாலும் பாதகமில்லை.