பஞ்சாங்கத்துச் சந்திரனும் வானத்துச் சந்திரனும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை நமது பத்திரிகைகள் பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி ஒன்று, இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஒன்று என இரண்டாக அச்சிடுகின்றன. கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும் சைவ வீடுகளுக்கு இது பழகிப்போன விடயம். ஆனால் சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 இல், வாக்கியப்படி 2026 மார்ச் 6 இல் என்னும்போது வேறுபாடு ஏறக்குறைய ஒரு வருடமாகிவிடுகிறது. ராசியின் எல்லை மனிதர் வகுத்தது. அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். நட்சத்திரங்களிடையே சனி நிற்கும் இடத்தை அப்படி வைக்க முடியாது. அப்படியானால் கணக்கு வானத்தைப் பற்றியதா, நமது தேவைக்கான கருவி மட்டுமா? விஞ்ஞானத் தத்துவத்தில் யதார்த்தவாதிகளுக்கும் கருவிவாதிகளுக்கும் இடையே நெடுங்காலமாக நடக்கும் வழக்கும் இதுவே. கோட்பாடு உலகின் உண்மை அமைப்பைச் சொல்ல முயல்கிறது என்பார் முதலாமவர். காட்சியோடு பொருந்தினால் போதும் என்பது பியர் டுஹெம் முதல் பாஸ் வான் ஃப்ராசன் வரை பலரும் வெவ்வேறு விதமாக எடுத்த நிலை.

கருவிவாதிக்குத் தமிழரிடமே வலுவான சாட்சி உண்டு. புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் 1825 இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில் பதிந்துள்ளார். கோட்பாடு பற்றி அந்தக் கணியருக்குக் கவலையே இல்லை. ஆயினும் 1825 மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தில் அவருக்கு வந்த பிழை 4 நிமிடம். நடுவிலும் முடிவிலும் 23, 24 நிமிடம். ஓட்டோ நொய்கபவர் 1952 இல் எடுத்துக்காட்டிய இக்கணக்கு எந்த யதார்த்தவாதியையும் தயங்க வைக்கும். ஒன்றும் விளங்காமலே இவ்வளவு சரியாகச் சொல்லலாம் என்றால், பலித்த கணக்கு மெய்யான கணக்கு என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாய்பாட்டை அட்டமியில் வைத்துப் பார்க்க வேண்டும். பாணவிருத்தி, ரசட்சயம் என்பது பழைய விதி: 60 நாழிகைத் திதி 5 நாழிகை கூடலாம், 6 குறையலாம். வானத்திலோ அது 67 நாழிகை வரை நீளும், 50 வரை சுருங்கும். காரணம் சூரியன். அதன் இழுவை பூமியிலும் சந்திரனிலும் ஒரே அளவாகப் படுவதில்லை; அந்த வேறுபாடு சந்திரனின் ஓட்டத்தைக் கலைக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சந்திரனுக்கு வேண்டிய பெருந்திருத்தம் ஏறக்குறைய 5 பாகை. பழைய வாய்பாடும் அவ்வளவே தருகிறது. அட்டமியில் அது 7½ பாகை வரை போகும். அதனால்தான் கிரகணத்தில் கைகொடுத்த வாய்பாடு அட்டமியில் சிலவேளை ஐந்து மணித்தியாலம் வரை பிழைக்கிறது. எங்கே பிழைக்கும், எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை வாய்பாடு ஒருபோதும் சொல்லாது. ஈர்ப்புக் கோட்பாடு சொல்கிறது. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

பண்டைய கிரேக்க வானியலாளர் தொலமியும் அட்டமித் திருத்தத்தைத் தன் வட்டங்களுக்குள் அடக்கியவர்தானே எனலாம். அடக்கினார், சந்திரன் நிற்கும் திசையும் சரியாகவே வந்தது. ஆனால் அவரது அமைப்பு மெய்யானால் அரைச் சந்திரன் சில மாதங்களில் ஏறக்குறைய இருமடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். அப்படி யாரும் கண்டதில்லை. பொருத்திப் பார்த்த இடத்தில் அல்ல, பொருத்தாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதே அளவுகோல். விஞ்ஞானத்தின் வெற்றி அற்புதமாகிவிடக் கூடாதென்றால் கோட்பாடுகள் மெய்யை நெருங்கியிருக்க வேண்டும் என்று 1975 இல் ஹிலரி பட்னம் சொன்னதை இந்த அளவுகோலோடு சேர்த்தே ஏற்கலாம். வென்ற கோட்பாடுகளே பின்னர் கைவிடப்பட்டன என்று 1981 இல் லாரி லாடன் எழுப்பிய தடை கடினமானது. அதற்கு விடை, விழுந்தது எது, நின்றது எது என்று பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. தொலமியின் வட்டங்கள் போயின. சந்திரனைச் சூரியன் கலைக்கிறது என்பது ஐன்ஸ்டைனுக்குப் பின்னும் நிற்கிறது.

நமது நாட்டில் இந்த வழக்குக்கு மூன்றாவது கட்சியும் உண்டு. கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் கணிதம் கற்பித்த நளின் டி சில்வா, 1986 இல் வெளிவந்த ‘மகே லோகய’ நூலில் தொடங்கி, அறிவெல்லாம் புலனும் மனமும் பண்பாடும் சேர்ந்து ஆக்குவது என வாதிட்டார். மேற்கின் அறிவே இறுதி என்ற இறுமாப்பை அவர் எதிர்த்ததில் நியாயம் உண்டு. கருத்துகளை ஆக்குபவர் மனிதர் என்பதும் சரி. ஆனால் 2010 ஜனவரி 15 சூரிய கிரகணத்தில் யாழ்ப்பாணத்தில் கங்கணமும் கொழும்பில் அரைகுறை மறைப்பும் தெரிந்தன. சிங்கள லித்தைப் பார்த்தவருக்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தவருக்கும் நிழல் அதே பாதையில்தான் போனது. திருத்தம் என்பது மேற்கிலிருந்து வந்த எண்ணமும் அல்ல. சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று முரணும்போது கிரகணங்களைக் கண்ணால் கண்டு சோதித்துக் கணக்கை மாற்ற வேண்டும் என்று கேரளத்து நீலகண்ட சோமயாஜி ‘ஜோதிர்மீமாம்சை’யில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டிருக்கிறார். விரதத்துக்கு எந்தத் திதியைக் கொள்வது என்பதைக் கோயில் மரபு தீர்மானிக்கலாம். அட்டமிச் சந்திரன் எங்கே நிற்கிறது என்ற கேள்வி அந்த மரபின் அதிகாரத்துக்குள் வராது.