மணிக்கட்டின் சாட்சியம்

காலையில் எழுந்ததும், நன்றாகத் தூங்கினோமா என்று தெரிந்துகொள்ள மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறவரைக் கேலி செய்வது சுலபம். என் உத்தேசம் அதுவல்ல. தன் உடம்பைப் பற்றித் தான் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று அவர் எப்போது ஒப்புக்கொண்டார் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கருவிகளில் பல நாள்தோறும் கேட்கிற பத்தாயிரம் அடியை எடுத்துக்கொள்வோம். மருத்துவ ஆய்வு நிரூபித்துத் தந்த எண் அல்ல இது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருஷம், 1965ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு நடைமானி விற்பனைக்கு வந்தது. பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர் காலப்போக்கில் விஞ்ஞானமாக உறைந்துவிட்டது. அமெரிக்காவில் வயதான பெண்களிடையே நடத்தி 2019ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 7,500 அடிகளுக்கு மேல் நடந்தவர்களிடம் மரண விகிதம் அதற்குமேல் குறைந்ததாகத் தெரியவில்லை.

தூக்கத்தின் கதை இன்னும் விபரீதம். ஆய்வுக்கூடத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டுக் கருவிக்கு மூளை எட்டாது. கையின் அசைவையும், தோலில் பாய்ச்சிய பச்சை ஒளி ரத்த ஓட்டத்துக்கேற்பக் கூடிக் குறைவதையும் வைத்து அது ஊகிக்கிறது. ஊகம் என்றால் ஒரு வாசிப்பு. எந்த வாசிப்பையும் மறுக்கலாம். ஆனால் எண்ணாகிவிட்ட வாசிப்பை மறுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. கருவி காட்டும் தூக்கத்தைச் சீராக்கியே தீருவது என்ற இந்தப் பித்துக்கு 2017ல் சிகாகோ ஆய்வாளர்கள் ஆர்த்தோஸோம்னியா என்று பெயரிட்டார்கள். அவர்கள் விவரித்த ஒரு பெண்மணி ஆய்வுக்கூடத்தில் ஆழ்ந்து தூங்கியதாகப் பதிவு காட்டியது. அப்படியானால் என் கருவி ஏன் வேறு சொல்கிறது என்பதே அவர் கேள்வி. அனுபவம் முன்னமே தோற்றிருந்தது; இப்போது மூளையின் பதிவும் தோற்றது.

எண்ணுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. இதயம் தாளம் தப்புவது பலருக்கு உணர்வில் தட்டுவதே இல்லை. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட ஒரு ஆய்வில் (இதுவும் 2019ல் வெளியானதுதான்) கைக்கடிகாரம் அதைச் சிலரிடம் கண்டு சொல்லியிருக்கிறது. உடம்பு மௌனமாக இருக்கும் இடத்தில் கருவி பேசட்டும். உடம்பு பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் வாயைப் பொத்திவிட்டு மார்க் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அசை பிரித்து, சீர் எண்ணி, தளை தட்டாததால் கவிதை என்று முத்திரை குத்திய பண்டிதரை நமக்குத் தெரியும். அவர் எண்ணியதில் தப்பில்லை. எண்ணி முடித்ததும் படித்துவிட்டதாக நினைத்தார்.

நண்பர் ஒருவரை ஒரு சாயங்காலம் நடக்கக் கூப்பிட்டேன். நல்ல காற்று, அவருக்கும் ஆசைதான். கருவி சார்ஜில் இருக்கிறது, இப்போது நடந்தால் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்.