“இது அறிமுகம்தானே, தோழர்!”

சாகித்ய அகாதெமியின் 2024ஆம் ஆண்டுத் தமிழ்ப் பரிசு ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்குக் கிடைத்தபோது, ஆய்வு நூலுக்கா பரிசு என்று சிலர் முகம் சுளித்தார்கள். 1983இல் ரகுநாதனின் ‘பாரதி: காலமும் கருத்தும்’, 1985இல் அ.ச. ஞானசம்பந்தனின் ‘கம்பன்: புதிய பார்வை’ என்று புனைவல்லாத நூல்களுக்கும் போய்க்கொண்டிருந்த பரிசுதான் அது. சுளிக்க ஒன்றுமில்லை. என் கவலை வேறு. ஆய்வு நூல்களை அறிமுகம் செய்யும் கூட்டங்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. அங்கே நடப்பதைப் பற்றிக் குறை சொன்னால், ஏற்பாட்டாளர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: “இது அறிமுகம்தானே, தோழர்! விமர்சனக் கூட்டமா என்ன?”

அறிமுகக் கூட்டங்களால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரம்பலூர் புத்தகத் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு எங்கள் பக்கத்தில் வரலாற்று நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவே இடமில்லை. ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இன்ன நூல் வந்திருக்கிறது என்பதே கூட்டத்தாலும் ‘புத்தகம் பேசுது’, ‘உங்கள் நூலகம்’ போன்ற இதழ்களாலும்தான் தெரியவருகிறது. பிரதி நாலு விற்கிறது. ஆய்வாளருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவருக்கு அது அபூர்வம்தான்.

ஆனால் அந்த ஒரே பதிலை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாவலுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். கதையின் களத்தைச் சொல்லி, முடிவை மறைத்து, வாங்கிப் படியுங்கள் என்று இறங்கிவிடலாம். ஆய்வு நூல் அப்படியல்ல. அது யாரோ முன்பு சொன்னதற்கு மறுப்பு, அல்லது திருத்தம், அல்லது வழிமொழிவு. அந்த ‘யாரோ’வைச் சொல்லாமல் நூலை அறிமுகம் செய்வது, வழக்காடு மன்றத்தில் ஒரு கட்சியை மட்டும் பேசவிட்டுத் தீர்ப்பையும் வாசித்துவிடுவது மாதிரி.

பரிசு பெற்ற நூலையே எடுத்துக்கொள்வோம். வ.உ.சி.யின் கப்பலும் செக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, நெல்லையில் மக்கள் தெருவில் இறங்கினார்களே, அந்த எழுச்சிதான் நூலின் பொருள். அதை ஆவணங்களிலிருந்து எழுப்புகிறவர் பெரும்பாலும் கலகத்தை அடக்கிய அரசின் தாள்களை வைத்துக்கொண்டுதான் எழுப்பவேண்டும். போலீஸ் எழுதிய கோப்பில் போலீஸை எதிர்த்தவரின் மனதை எப்படிப் படிப்பது? எந்த வரியை நம்புவது, எதைத் தள்ளுவது? நூலாசிரியரின் உழைப்பு முழுவதும் இருப்பது அங்கே. மேடையிலோ ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் செக்குதான் சுற்றுகிறது. பேச்சாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேச நூல் ஒரு சாக்காகிவிடுகிறது. (நம் மேடைப் பேச்சையே ஆராய்ந்து ஒரு தடித்த நூல் உண்டு: பெர்னார்ட் பேட் 2009இல் எழுதிய ‘டமில் ஆரட்டரி அண்ட் த திராவிடியன் எஸ்தெடிக்’. அதையும் யாராவது அடுக்குமொழியில் அறிமுகம் செய்திருந்தால் எனக்கு வியப்பில்லை.)

இந்தக் குறை எங்கள் மண்ணில்தான் அதிகம் உறுத்துகிறது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. 2025 ஜூலையில் பிரதமரும் வந்து போனார். சோழர் பற்றி எந்தப் புது நூல் வந்தாலும் இங்கே கூட்டம் கூடும். கூடட்டும். ஆனால் சோழ அரசின் கை எவ்வளவு தூரம் எட்டியது என்று ஆய்வாளர்களுக்குள் அரை நூற்றாண்டாக ஒரு சண்டை நடக்கிறதே, அதை அந்தக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

நீலகண்ட சாஸ்திரி 1930களில் வலுவான மைய அரசு ஒன்றைக் காட்டினார். 1980இல் பர்ட்டன் ஸ்டெய்ன் அதைப் புரட்டிப் போட்டார்: நடுப்பகுதிக்கு வெளியே சோழ மன்னனுக்கு இருந்தது சடங்குவழி மேலாண்மைதான், ஆண்டவை ‘நாடு’ எனப்பட்ட அந்தந்த வட்டாரப் பிரிவுகளே என்றார். இந்த மாதிரியை அவர் எடுத்தது கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி ஐடன் சவுத்தால் செய்த ஆய்விலிருந்து. சோழ மண்டலத்து நாடுகளுக்கு எல்லை வரைந்து காட்டிய எ. சுப்பராயலுவின் 1973ஆம் ஆண்டு நூலையும் ஸ்டெய்ன் பயன்படுத்திக்கொண்டார். அதே சுப்பராயலு ஸ்டெய்னின் முடிவை ஏற்கவில்லை. அதிகாரிகளின் பட்டங்கள், நில அளவை, ராஜராஜன் ஏற்படுத்திய வளநாட்டுப் பிரிவு என்று கல்வெட்டுகளிலிருந்தே எதிர்வாதம் கிளம்பியது. ஆர். சம்பகலட்சுமி 1981இல் ஸ்டெய்னின் நூலுக்கு எழுதிய மதிப்புரை ஒரு தனி ஆய்வுக் கட்டுரையாகவே நிற்கிறது. பிறகு 1991இல் ஸ்டெய்னே தம் கருத்தை மறுபடி எடுத்துப் பரிசீலித்து எழுதினார். சம்பகலட்சுமி “இது அறிமுகம்தானே” என்று நினைத்து ஸ்டெய்னின் ஆங்கில நடையைப் பாராட்டிவிட்டு அமர்ந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

இதெல்லாம் பேராசிரியர்களுக்குள் பேசவேண்டிய சங்கதி, கிராமத்து வாசகருக்குப் புரியாது என்பார்கள். அறிமுகத்தை ஆதரிப்பவர்கள் பேச்சில் எனக்குப் பிடிக்காதது இந்தக் கரிசனம்தான். நொபொரு கராஷிமா 1966இல் எழுதிய கட்டுரை ஒன்று திருச்சிப் பக்கத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிடுகிறது. பிரமதேயமான, அதாவது பிராமணருக்குத் தானமாகக் கொடுத்த ஊரான, ஈசானமங்கலத்தில் நிலத்தைத் தனித்தனி ஆட்கள் விற்றிருக்கிறார்கள். அல்லூரில் ஊரார் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். ஆகவே முன்னதில் தனியுடைமை, பின்னதில் ஊர்ப் பொது என்கிறார். கிரயப் பத்திரம் பார்த்த எந்த விவசாயிக்கு இது புரியாது? கேள்வியும் அவருக்கே வரும். கல்லில் ஏறியது பெரும்பாலும் கோயிலோடு தொடர்புடைய நிலம்தானே, ஏறாத நிலத்தின் கதை என்ன? இரண்டு ஊரை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம்? கராஷிமாவின் பின்னாளைய உழைப்பு, கல்வெட்டுகளைப் புள்ளிவிவரமாக அடுக்கிப் பார்த்த வேலை எல்லாம், இந்த மாதிரிக் கேள்விகளை எதிர்கொள்ள எழுந்தது என்றே நான் வாசிக்கிறேன். அறிமுகம் செய்பவர் இந்தக் கேள்வியை எடுத்துவைத்தால் நூலுக்கு எந்தக் குறைச்சலும் வராது. கேட்பவர் கைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பழைய திருச்சி மாவட்டத்து ஆறு கிராமங்களை ஆராய்ந்து அத்ரேயாவும் யுர்ஃபெல்ட்டும் லிண்ட்பெர்க்கும் 1990இல் வெளியிட்ட ‘பேரியர்ஸ் புரோக்கன்’ கதையும் இதுதான். ஆற்றுப் பாசன ஊரையும் மானாவாரி ஊரையும் ஒப்பிட்டு, வேளாண்மையை அழுத்திய தடைகள் உடைந்தன என்று வாதாடும் நூல். ஆழ்துளைக் கிணறு போட்டுக் கடனாளி ஆனவர், பட்டறையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருப்பவர், செட்டிகுளத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அந்த முடிவு தங்கள் அனுபவத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று அவர்களைப் போலச் சொல்லத் தகுதியானவர் யார்? அவர்களைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, நூலாசிரியரின் பட்டங்களையும் பதிப்பகத்தின் பெருமையையும் சொல்லி அனுப்புகிறோம்.

நம் மரபில் இரண்டும் உண்டு. நூலின் முகப்பில் சாற்றுக்கவி வாங்கிப் போடுவது ஒன்று. அரங்கேற்றத்தில் தடை எழுப்பி விடை சொல்லவைப்பது இன்னொன்று. இன்றைய அறிமுகக் கூட்டம் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைகழுவிவிட்டது. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’ இதழ் நடத்தியபோதும், பிரான்ஸில் 1929 முதல் ‘அனால்’ இதழில் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் எழுதியபோதும் மதிப்புரை என்பது ஆய்வின் ஒரு பகுதி. அங்கே தாட்சண்யத்துக்கு வேலை இல்லை.

தாட்சண்யம்தான் இங்கே முழு நோயும். பேச வந்தவருக்கு நாளை இந்த நூலாசிரியர் கையால் ஒரு முன்னுரை வேண்டும், தம் நூலுக்கு இவர் வரவேண்டும். நூலை முழுக்கப் படிக்காமலும் ஒரு மணி நேரம் பேசலாம் என்ற தைரியம் இந்தப் பரஸ்பரத்திலிருந்து பிறக்கிறது. அடிக்குறிப்பைப் பிரித்துப் பார்த்தவர் மேடையில் ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டால் என்னைக் கசப்பானவன் என்பார்கள். இருக்கட்டும். உ.வே. சாமிநாதையர் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டது பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில், விருத்தாசல ரெட்டியார் என்ற ஊர்க்காரரிடம். சூத்திரமும் உதாரணமுமாக அப்படிப் பாடம் நடந்த வட்டாரம் இது. இங்கே வந்து, மக்களுக்குக் கனமாகிவிடும் என்று நூலின் வாதத்தை எடுத்துவிட்டு அட்டையை மட்டும் காட்டுகிறவர்கள், யாரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?